கொள்ளை: ஒரு சொல்லும் நயினாதீவுக் கல்வெட்டும்

நாளேடுகளில் 'கொள்ளை' என்ற சொல் இடம்பெறாத நாள் அரிது. நகைக் கொள்ளை, வங்கிக் கொள்ளை, மணற் கொள்ளை என அது எங்கும் பரந்து கிடக்கின்றது. அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்ததே என்று எண்ணி நாமும் கடந்து செல்கின்றோம். ஆயினும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. கொள்ளையிட்டவர் எவரும் தமது செயலைக் கொள்ளை என்று கூறுவதில்லை. வெற்றி, தண்டனை, பறிமுதல், பாதுகாப்பு என்று வேறு பெயர்களையே அவர்கள் சூட்டுகின்றனர். இழந்தவர் மட்டுமே அதனைக் கொள்ளை என்கின்றார்.

அவ்வாறாயின், ஒரு செயல் கொள்ளையா, அன்றா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் எது? இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகம் மிகப் பொருத்தமான இடமாகும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவை தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இடையிலான கடல்வழியில் அமைந்தவை. வணிகனும் இவ்வழியே வந்தான், படையும் இவ்வழியே வந்தது. இரண்டையும் கண்ட மண்ணில் இச்சொல்லின் வரலாற்றைத் தேடுவது பயனுடையது.

விலையும் கொள்ளையே

'கொள்ளை' என்பது 'கொள்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. கொள்ளுதல் என்பது எடுத்துக்கொள்ளுதல், பெறுதல், வாங்குதல் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும் பொதுச் சொல். கொள்முதல், கொள்வனவு, கொள்கை, கொள்கலம் ஆகிய சொற்கள் யாவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. இவற்றில் ஒன்றிலேனும் வன்முறையின் சாயல் இல்லை.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. சங்க நூலான நற்றிணையில், நெல்லைக் கொண்டுவந்து உப்புக்கு மாற்றும் உமணர் பற்றிய பாடலொன்றில், 'கொள்ளை' என்ற சொல் 'விலை' என்ற பொருளில் வழங்குகின்றது. அதாவது, இன்று வழிப்பறியைக் குறிக்கும் சொல் அன்று சந்தையில் கூறப்படும் நேர்மையான விலையைக் குறித்தது. ஒரு பொருளைக் கொள்வதற்கு ஈடாகக் கொடுப்பதே அங்கு கொள்ளை. ஈடு கொடாமல் கொள்வது இன்றைய கொள்ளை. கொள்ளும் செயல் ஒன்றே. உடையவனுக்கு உரியது கொடுக்கப்பட்டதா, இல்லையா என்பதே வேறுபாடு.

அதே காலத்தில் பிறர் பொருளை வலிந்து எடுப்பதற்கும் தமிழில் சொற்கள் இருந்தன. பகைவரிடமிருந்து கவர்ந்த பொருள் 'கொண்டி' எனப்பட்டது. அதுவும் 'கொள்' என்பதன் வழிவந்ததே. 'சூறை' என்பது முதலில் சுழன்றடிக்கும் காற்றுக்குப் பெயர். காற்று எதனையும் தெரிந்து எடுப்பதில்லை, அகப்பட்டதையெல்லாம் அள்ளிச் செல்கின்றது. அவ்வாறே ஊரை அள்ளிச் செல்வது 'சூறையாடல்' ஆயிற்று. பாலை வழிகளில் பயணிகளை மறித்துப் பறித்தவர்கள் 'ஆறலைகள்வர்' எனப்பட்டனர்.

இவற்றுக்கு அப்பால், இலக்கணம் வகுக்கப்பட்ட கொள்ளை ஒன்றும் இருந்தது. அதுவே வெட்சி. பகைவரின் பசுக்கூட்டத்தைக் கவர்ந்து வருதலைத் தொல்காப்பியம் ஒரு திணையாகவே வகுத்துள்ளது. கவர்ந்த நிரையை வாளா ஓட்டி வருவது மட்டும் போதாது, அதனைப் பேணிக் காத்தலும் அத்திணைக்கு உரியது என்பது குறிப்பிடத்தக்கது. பறிகொடுத்தவர் நிரையை மீட்கப் போராடுவதும் அங்கே போற்றப்பட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று, இத்தகைய பூசலில் இறந்த ஒருவனை நினைவுகூருகின்றது. நிரை கவர்தலை அக்கல் 'ஆகோள்' என்கின்றது. ஆவைக் கொள்ளுதல் ஆகோள். அங்கும் அதே வினைதான்.

அரபு மொழியில் ஒரு பயணம்

இதனை ஒத்த வரலாறு அரபு மொழியிலும் உண்டு. பாலைவனத்து நாடோடிக் குலங்கள் ஒன்றன் ஒட்டகங்களை மற்றொன்று திடீரெனப் பாய்ந்து கவர்ந்து செல்வது வழக்கமாயிருந்தது. அதற்கு 'கஸ்வு' என்று பெயர். ஒன்றை நாடிச் செல்லுதல் என்பது அவ்வேர்ச்சொல்லின் அடிப்படைக் கருத்து. தேவையற்ற உயிர்ச்சேதத்தைத் தவிர்த்தல் முதலான கட்டுப்பாடுகள் அவ்வழக்கத்தில் இருந்தன. கொலை நிகழ்ந்தால் பழிக்குப் பழி தொடரும் என்ற அச்சமே அதற்கு ஒரு காரணம். நமது வெட்சியோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

இஸ்லாமிய வரலாற்றில் இச்சொல்லின் நிலை மாறியது. நபிகள் நாயகம் அவர்கள் நேரில் பங்குகொண்ட படையெடுப்புகளை வரலாற்றாசிரியர்கள் 'கஸ்வா' என்றும், அவர்கள் பங்குகொள்ளாது பிறரை அனுப்பியவற்றை 'சரிய்யா' என்றும் வகைப்படுத்தினர். எனவே அச்சொல்லைத் தமிழில் 'கொள்ளை' என்று பெயர்ப்பது பிழையாகும். கொள்ளைக்கு அரபியில் 'நுஹ்பா' என்ற வேறு சொல் உண்டு. அந்த நுஹ்பாவை நபியவர்கள் தடை செய்ததாக ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. போரில் கிட்டிய பொருளைக் கணக்கில் சேர்க்காமல் ஒளித்து வைப்பது 'குலூல்' எனப்படும். அதனைத் திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம் கண்டிக்கின்றது. நமது முஸ்லிம் புலவர்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். அக்காலத்துப் போர் நிகழ்ச்சிகளைப் பாடிய நூல்வகைக்கு அவர்கள் 'படைப்போர்' என்றே பெயரிட்டனர்.

இச்சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. 1830 ஆம் ஆண்டில் பிரான்ஸ் அல்ஜீரியாவின் மீது படையெடுத்தது. அந்நாட்டு அரபியில் இவ்வேரிலிருந்து வழங்கிய 'காஸியா' என்ற சொல்லின் முதலெழுத்து பிரெஞ்சுக்காரரின் காதில் அவர்களுடைய 'ர' ஒலி போல விழுந்தது. அது 'ரஸ்ஸியா' ஆயிற்று. 1840களில் தளபதி பியூஜோவின் படைகள் அல்ஜீரியக் குலங்களின் மந்தைகளைக் கவர்ந்து, தானியக் களஞ்சியங்களைக் காலி செய்து, பயிர்களை எரித்தபோது, அதற்குச் சூட்டிய பெயர் இதுவே. பறிகொடுத்த மக்களின் மொழியிலிருந்தே பறித்தவர் தம் செயலுக்குப் பெயர் எடுத்தனர். 'நாங்கள் செய்வது உங்கள் வழக்கந்தானே' என்ற சாக்கு அப்பெயருக்குள்ளேயே மறைந்திருந்தது. ஆனால் பழைய கஸ்வில் இருந்த கட்டுப்பாடு எதுவும் இப்புதிய ரஸ்ஸியாவில் இல்லை.

பின்னர் அச்சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜேர்மன் மொழியில் அது பொலிஸாரின் திடீர்ச் சோதனையைக் குறிக்கின்றது. 1941 பெப்ரவரியில் நாஜிகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் யூத இளைஞர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துச் சென்றதை ஒல்லாந்து மக்கள் இன்றளவும் 'ரஸ்ஸியா' என்றே நினைவுகூருகின்றனர். ஒட்டகத்தில் தொடங்கிய சொல் மனிதரை அள்ளிச் செல்வதில் வந்து நின்றது. ஆங்கிலத்தில் கொள்ளைப் பொருளைக் குறிக்கும் 'லூட்' என்பதும் இந்தியில் வழங்கும் 'லூட்' என்பதன் வழியாகவே சென்றது. இந்தியாவை ஆண்டவர்கள் எடுத்துச் சென்ற பொருட்களுள் அச்சொல்லும் ஒன்று எனலாம்.

ஊராத்துறையும் இரு கற்களும்

இனித் தீவகத்துக்கு வருவோம். ஊர்காவற்றுறை பழைய சாசனங்களில் 'ஊராத்துறை' எனக் குறிக்கப்படுகின்றது. 12 ஆம் நூற்றாண்டில் இத்துறையைப் பற்றிப் பேசும் இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று சோழ நாட்டிலும் மற்றொன்று நயினாதீவிலும் அமைந்தவை.

முதலாவது, தமிழகத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்தது. இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் படை திரட்டிக் கப்பல் கட்டுவதை அறிந்து, சோழர் தரப்பு படை அனுப்பி அவ்விடங்களைத் தாக்கியதையும், அங்கிருந்த யானைகளைக் கைப்பற்றியதையும் அது பெருமையுடன் கூறுகின்றது. தாக்கப்பட்ட துறைகளில் வாழ்ந்த மீனவரும் வணிகரும் என்ன இழந்தனர் என்பது அக்கல்லின் கவலையன்று. எடுத்தவர் எழுதும் கல்லில் 'வெற்றி' என்ற சொல் இருக்கும், 'கொள்ளை' என்ற சொல் இராது.

இரண்டாவது, நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள கல்வெட்டு. 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த அதே பராக்கிரமபாகுவின் ஆணை அது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னனின் ஆணை தமிழில் பொறிக்கப்பட்டிருப்பது முதலிற் கவனிக்கத்தக்கது. இத்துறைக்கு வந்துபோன வணிகர் உலகின் மொழி தமிழாயிருந்தமையே அதற்குக் காரணமாதல் வேண்டும். பேராசிரியர் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார்.

அவ்வாணையின் சாரம் இதுதான். வேற்று நாட்டவர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், கரைசேர்ந்த பொருளில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு உரியது, மூன்று பங்கு உடையவனுக்கு விடப்பட வேண்டும். ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியவை.

இன்று இதனை வாசிப்பவர், 'உடைந்த கப்பலில் பாதியை அரசன் எடுப்பதும் கொள்ளைதானே' என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அக்காலத்து உலக வழக்கத்தை வைத்து இதனை மதிப்பிட வேண்டும். கரையொதுங்கிய கப்பல் கரைக்கு உரியவனுடையது என்பதே பல நாடுகளின் நடைமுறையாயிருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45 ஆம் ஆண்டளவில் பொறித்த கல்வெட்டு, முந்தைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் பொருள்கள் அனைத்தையும் வலிந்து பறித்து வந்ததை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது. இனிமேல் உரிய சுங்கத்தைத் தவிர வேறு எதுவும் எடுக்கப்படாது என்று அவன் வணிகருக்கு அபயம் அளித்தான். இங்கிலாந்தில் 1275 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினாற்கூட அதனை உரிமையற்ற பொருளாகக் கொள்ளலாகாது என்று விதித்தது.

நயினாதீவுக் கல்வெட்டு இவ்விரண்டுக்கும் முந்தியது. அரசன் தனக்கென ஒரு பங்கை வைத்துக்கொண்டான் என்பது உண்மை. அவனுக்குத் தேவையான யானை, குதிரை வணிகருக்குச் சலுகை காட்டினான் என்பதும் உண்மை. ஆயினும் எடுக்கப்படும் அளவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அனைத்திலும் மேலாக, கப்பல் உடைந்தாலும் உடையவனின் உரிமை உடையவில்லை. அவன் எந்த நாட்டவன், எந்த மொழியினன், எந்தச் சமயத்தவன் என்று அவ்விதி கேட்கவில்லை. மேற்காசியக் குதிரைகள் அக்காலத்தில் இக்கடல்வழியே வந்தவை என்பதை எண்ணினால், இக்கல் பேசிய 'வேற்று நாட்டவர்' வரிசையில் முஸ்லிம் வணிகரும் இருந்திருப்பர் என்று கருதலாம்.

கள்வன் என்ற பெயரும் விருந்தோம்பிய மன்னனும்

இரு நூற்றாண்டுகள் கழித்து, 1344 இல், மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றினால் திசைமாறி இலங்கைக் கரையை நெருங்கியது. அது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட பகுதி என்றும், அவன் கொடியவன், அவனுடைய கப்பல்கள் கடலில் கொள்ளையிடுபவை என்றும் மாலுமிகள் அஞ்சினர். ஆனால் கரையிறங்கிய பயணியை யாழ்ப்பாண மன்னன் மதிப்புடன் வரவேற்றான். பாரசீக மொழியில் உரையாடினான். முத்துக்களைப் பரிசளித்தான். பாவாதமலை யாத்திரைக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினான். அவர் திரும்பி வரும்வரை கப்பலுக்கும் மாலுமிக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

மாலுமிகள் கூறியது முற்றிலும் பொய் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மதுரைச் சுல்தானின் உறவினர் என்று இப்னு பதூதா தம்மை அறிமுகம் செய்துகொண்டமையும் அந்த வரவேற்புக்கு உதவியிருக்கலாம். ஒரே அரசன் ஒருவருக்குக் கள்வனாகவும் மற்றொருவருக்குக் காவலனாகவும் தோன்றக்கூடும் என்பதே இங்கு நாம் அறிய வேண்டியது. பாதுகாப்பு என்பது ஆளைப் பார்த்து அளிக்கப்படும்போது அது அருள் ஆகின்றது. எவர்க்கும் பொதுவாகக் கல்லில் எழுதி அளிக்கப்படும்போதே அது நீதி ஆகின்றது.

அந்நீதி தளர்ந்த காலமும் வந்தது. 1543 இல் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசா படையுடன் வந்து யாழ்ப்பாண மன்னன் சங்கிலியிடம் திறை பெற்றார். 1545 இல் மன்னன் மீது படையெடுக்கத் திட்டமிடப்பட்டிருந்த வேளையில், பெகு நாட்டிலிருந்து பொருளேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் உடைந்தது. அதன் பொருட்களை மன்னன் கைப்பற்றிக்கொண்டான். அப்பொருளை மீட்கும்வரை போர் வேண்டாம் என்று படையெடுப்புக் கைவிடப்பட்டதைப் பாதிரியார் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதம் மனவருத்தத்துடன் தெரிவிக்கின்றது. ஒரு பக்கம் திறை என்ற பெயரில் கொள்ளுதல், மறுபக்கம் கரையொதுங்கியது கரைக்கே என்று கொள்ளுதல். 'உடையவனுக்கு முக்கால் பங்கு' என்ற பழைய விதி இரு தரப்புக்கும் நினைவில் இல்லை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. ஊராத்துறை அவர்களின் வாயில் துறைமேடை என்ற பொருள்படும் 'காயிஸ்' ஆகி, அதுவே ஆங்கிலத்தில் இன்று வழங்கும் கயிற்ஸ் என்ற பெயராக நிலைத்தது.

1990: இரு மாதங்கள், இரு வெளியேற்றங்கள்

இந்தச் சொல்லாராய்ச்சி வெறும் பழங்கதையன்று. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியபோது ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவு முதலிய பகுதிகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு அத்துயரம் இன்றும் ஆறவில்லை. பல ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் ஓடும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களையே தமது வீடுகளாகக் கண்டனர்.

அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. கைக்காசும் நகையும் பறிக்கப்பட்டன. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் தொகை ஏறத்தாழ 75,000 எனப்படுகின்றது. சோனகத் தெருவில் அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் பொருட்கள் பல கைகளுக்கு மாறின.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் செய்தவர்கள் வேறு, இழந்தவர்கள் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த முடியாது. ஆனால் இரண்டிலும் ஒரே சொல் பயன்பட்டது. 'கைவிடப்பட்ட சொத்து' என்பதே அது. கைவிட்டவர் எவரும் இல்லை. கைவிடச் செய்யப்பட்டவர்களே இருந்தனர். உடையவனின் பெயரை அழித்துவிட்டால் கொள்ளை என்ற சொல்லுக்கே இடமில்லாமற் போய்விடும் என்பதுதான் அச்சொற்றொடரின் உட்பொருள். அயலவரின் கிணற்றுவாளியோ, கட்டிலோ, கதவோ தம் வீட்டுக்கு வந்ததை எண்ணிப் பார்க்கும் கடமை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உண்டு.

இலங்கைச் சட்டத்தில் 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி எதிரிடையாக அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் விரட்டப்பட்டவருக்கு இது இரண்டாவது கொள்ளையாக முடியும் ஆபத்து இருந்தது. அதனை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலப்பகுதி கணக்கிடப்படலாகாது என்பது அதன் சாரம். கப்பல் உடைந்தாலும் உரிமை உடையாது என்று நயினாதீவுக் கல் சொன்னதை, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றொரு வடிவில் ஒரு சட்டம் சொன்னது எனலாம். ஆனால் சட்டம் காணிக்கு மட்டுமே பேசுகின்றது. கழற்றப்பட்ட கதவுக்கும் பறிக்கப்பட்ட தாலிக்கொடிக்கும் மனச்சாட்சிதான் பேச வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவில் இறங்குபவர் அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் பள்ளிவாசலையும் சிறு தூரத்துக்குள் காண்கின்றார். அங்கே செல்லும் அடியார்கள் ஆலயத்திலுள்ள அந்தக் கல்லையும் ஒருமுறை பார்த்து வருவது நன்று. கொள்ளை எது என்பதற்கான அளவுகோல் அதில் இருக்கின்றது. எடுத்தவன் யார், என்ன பெயர் சொல்லி எடுத்தான் என்பவை பின்னர் வரும் கேள்விகள். உடையவன் யார், அவனுக்கு உரியது அவனிடம் சேர்ந்ததா என்பதே முதற் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த ஊரில் கொள்ளைக்கு எந்தப் பெயரும் சூட்டிவிடலாம்.